பி.எம்.கிசான் போலிப் பதிவுகள், தமிழ்நாடு 2020: நிகழ்வு ஆய்வு

பின்னணி

2020இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் பி.எம்.கிசான் என்ற மத்திய அரசின் விவசாயி உதவித்தொகைத் திட்டத்தில் விவசாயிகளாகப் பதியப்பட்டுப் பணம் பெற்றார்கள். அது எப்படி நடந்தது என்பதே இந்த ஆய்வு. இத்திட்டம் 2019 பிப்ரவரி 1ஆம் தேதி இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 24ஆம் தேதி கோரக்பூரில் முதல் தவணை வழங்கப்பட்டது. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹6,000. அது ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச் என்று மூன்று தவணைகளாக, தவணைக்கு ₹2,000 வீதம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். முதலில் 2 ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2019 ஜூன் முதல் அந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டது.

வருமான வரி கட்டுபவர், மாதம் ₹10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர், நான்காம் நிலைக்கு மேற்பட்ட அரசு ஊழியர், டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், ஆடிட்டர் போன்ற தொழில் செய்பவர்கள் ஆகியோர் வாங்க முடியாது. 2019 பிப்ரவரி 1ஆம் தேதி யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்குத்தான் தகுதி. அதற்குப் பிறகு கிரயம் வாங்கினால் கிடையாது. வாரிசாக வந்தால் உண்டு.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, பணம் முழுக்க மத்திய அரசுடையது, ஆளைத் தேர்ந்து பட்டியல் கொடுப்பது மாநில அரசு. கொடுப்பவருக்கு ஊர் தெரியாது. ஊர் தெரிந்தவர் கையிலிருந்து பணம் போவதில்லை. இரண்டு, பணம் நிலம் வைத்திருப்பவருக்குத்தான், உழுகிறவருக்கு இல்லை. குத்தகைக்குப் பயிரிடுபவர், கோயில் நிலத்துச் சாகுபடியாளர், விவசாயக் கூலி யாருமே இதில் வர மாட்டார்கள். காடு கழனியில் நாள் முழுக்க நிற்பவரிடம் ஒருவர் வந்து ‘உங்களுக்கும் விவசாயிப் பணம் வரும், ஆதார் நகல் கொடுங்கள்’ என்றால் அதை நம்ப அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. போலிப் பதிவு என்று எழுதும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பணம் போகும் வழி

2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வி.ஏ.ஓ. வழியாகத்தான் விண்ணப்பம் வாங்கப்பட்டது. சிட்டா, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல், குடும்ப விவரம், தகுதிக் குறைவு எதுவும் இல்லை என்ற உறுதிமொழி இவ்வளவும் சேர்ந்தது ஒரு விண்ணப்பம். கிராமக் கணக்கைப் பார்த்து வி.ஏ.ஓ. சரி என்ற பிறகுதான் அது கணினியில் ஏறியது.

2019 பிற்பகுதியில் இணையதளத்தில் சுயபதிவு வசதி வந்தது. ஆதார் எண், பெயர், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு ஆகியவற்றை விண்ணப்பதாரரோ பொதுச் சேவை மையத்தில் இருப்பவரோ தட்டச்சு செய்யலாம். அந்தப் பதிவு வட்டார வேளாண்மை உதவி இயக்குநரின் லாகினுக்குப் போகும். அங்கே ஒப்புதல் கிடைத்தால் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநரின் லாகினுக்கும், அதன் பிறகு மாநில அளவுக்கும் போகும். மாநிலம் கையெழுத்திட்டு நிதி கோரினால், மத்திய அரசின் பி.எஃப்.எம்.எஸ். என்ற பொது நிதி மேலாண்மைக் கட்டமைப்பு கணக்கைச் சரிபார்த்துப் பணப் பரிமாற்ற ஆணை போடும். பிறகு ₹2,000 கணக்கில் வரவாகும்.

இந்த வழியில் மூன்று சோதனைகள் இருந்தன. ஆதார் சோதனை, இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்த்தது. வங்கிச் சோதனை, கணக்கு நடப்பில் இருக்கிறதா, எண் சரியா என்று பார்த்தது. மூன்றாவது, அந்த ஆளுக்கு நிலம் இருக்கிறதா என்பது. முதல் இரண்டையும் இயந்திரம் செய்தது. மூன்றாவதை மனிதர்தான் செய்ய வேண்டும். சர்வே எண் கட்டத்தில் 124/2பி என்று எதை அடித்தாலும், அது வருவாய்த் துறையின் பட்டா கணினிப் பதிவோடு தானாக ஒப்பிடப்படவில்லை.

ஆகவே போலிப் பதிவுகளில் ஆளும் உண்மை, ஆதாரும் உண்மை, வங்கிக் கணக்கும் உண்மை. நிலம் மட்டும்தான் பொய். அந்த ஒரு பொய்யைப் பிடிக்க வேண்டிய இடத்தில் 2020இல் ஒரு கடவுச்சொல் மட்டுமே நின்றது.

2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை

மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. மார்ச் 26ஆம் தேதி அறிவித்த நிவாரணத் தொகுப்பில் ஏப்ரல் தவணையை முன்கூட்டியே போடுவதாக மத்திய அரசு சொன்னது. அதே மாதங்களில் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் ₹500 வீதம் மூன்று மாதம் வந்தது. அரிசி அட்டைக்கு மாநில அரசு ₹1,000 கொடுத்தது. கணக்கில் திடீரென்று ஒரு தொகை ஏறினால் அது எந்தத் திட்டத்துப் பணம் என்று யாரும் கேட்காத காலம் அது.

களச் சரிபார்ப்பும் தளர்ந்தது. பேருந்து ஓடவில்லை, அலுவலகங்களில் ஆள் குறைவு, வி.ஏ.ஓ.க்கள் கொரோனா பணியில் இருந்தார்கள். சுயபதிவோ திறந்தே இருந்தது. வட்டார, மாவட்ட லாகின்களின் கடவுச்சொற்கள் அதிகாரிகளோடு நிற்காமல், கணினி வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் தெரிந்திருந்தன. வட்டார அலுவலகம் ஒன்றின் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. உதவி இயக்குநர் ஒருவருக்கு விதை, உரம், பயிர்க் காப்பீடு, மானியக் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இணையதளம், ஒரு லாகின். கணினிப் பக்கம் உட்காருபவர் ஒப்பந்தப் பணியாளர். அவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுக் களத்துக்குப் போவதுதான் வழக்கம். இந்தத் தடவை அது அலுவலகத்தைத் தாண்டித் தனியார் கணினி மையங்களுக்கும் தரகர்களுக்கும் போய்விட்டது.

தரகர்கள் ஊர் ஊராகப் போய் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் வாங்கினார்கள். கொரோனா நிவாரணம் என்றே பல இடங்களில் சொன்னார்கள். பணம் வந்ததும் ஒரு பங்கைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். பதிவு செய்தவர்களும், கசிந்த கடவுச்சொல்லால் உள்ளே போய் ஒப்புதல் கொடுத்தவர்களும் ஒரே கூட்டம். ஒரே கை விண்ணப்பத்தைப் போட்டு, அதே கை அதை ஏற்றுக்கொண்டது.

அவசரத்துக்குக் காரணமாக இருந்த ஒரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவரின் பெயர் எந்த நான்கு மாதப் பருவத்தில் ஏறுகிறதோ அந்தப் பருவத்தின் தவணையிலிருந்தே அவருக்குப் பணம் உண்டு. ஜூலை கடைசி வாரம் பெயர் ஏறினாலும் ஏப்ரல்–ஜூலைத் தவணைக்கு உரிமை வந்துவிடும், அடுத்ததாக ஆகஸ்ட் தவணையும் பின்னாலேயே வரும். ஒரு பதிவுக்கு இரண்டு வரவு, மொத்தம் ₹4,000. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி நாடு முழுவதும் 8.5 கோடி பேருக்கு ₹17,000 கோடி ஒரே நாளில் விடுவிக்கப்பட்டது.

கவனத்துக்கு வந்தது

ஆகஸ்ட் மாதத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பகுதிகளிலிருந்து புகார்கள் வந்தன. நிலமே இல்லாதவர்களுக்குப் பணம் வந்திருப்பதாகவும், சொந்த நிலம் வைத்து விண்ணப்பித்தவர் காத்திருப்பதாகவும் பேச்சு கிளம்பியது. பயனாளிகளின் எண்ணிக்கை சில மாவட்டங்களில் மட்டும் சட்டென்று ஏறியிருப்பதை மாநில வேளாண் துறையும் பார்த்தது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்திலிருந்து பிரிந்து ஓராண்டுகூட ஆகாத மாவட்டம். 2019 நவம்பரில்தான் அது தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

விசாரணை 13 மாவட்டங்களுக்கு விரிந்தது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கின்படி 5.95 லட்சம் பேரின் பதிவுகளைச் சோதித்ததில் 5.38 லட்சம் பேர் தகுதியற்றவர்கள். அதாவது சோதித்த பத்துப் பேரில் ஒன்பது பேர். தவறாகப் போன தொகை ஏறத்தாழ ₹110 கோடி.

இந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. ஆளுக்குச் சராசரி ₹2,000 சொச்சம், அதாவது ஒரே ஒரு தவணை. ஓராண்டு, ஈராண்டாகக் கமுக்கமாக ஓடிய மோசடி என்றால் இந்தச் சராசரி ₹6,000ஐத் தாண்டியிருக்கும். மிகக் குறுகிய காலத்தில் மிகப் பெரிய அளவில் பெயர்கள் ஏற்றப்பட்டன என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இன்னொன்றும் தெரிகிறது: அந்த ஒரு தவணையோடு பிடிபட்டிருக்காவிட்டால் இதே பெயர்களுக்கு ஆண்டுக்கு முந்நூறு கோடிக்கும் மேல் போய்க்கொண்டே இருந்திருக்கும். தாமதம் என்று குறை சொல்லலாம்தான். ஆனாலும் பிடித்த காலம் மோசமில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, ஒப்புதல் வழியை மூடியது. வட்டார, மாவட்ட அளவில் தவறாகப் பயன்பட்ட லாகின்கள் முடக்கப்பட்டன. இதனால் நிஜமான புதிய விண்ணப்பங்களும் நின்றன. இருந்தாலும் பணம் போய்க்கொண்டிருக்கும்போது குழாயை அடைக்காமல் ஓட்டையைத் தேடுவதில் பயனில்லை.

இரண்டாவது, நடவடிக்கை. வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. மேலே சொன்ன செப்டம்பர் கணக்கில் 96 ஒப்பந்தப் பணியாளர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். 34 அலுவலர்கள்மீது துறை நடவடிக்கை தொடங்கியிருந்தது. கடவுச்சொல்லைத் தவறாகப் பயன்படவிட்டதற்காக வட்டார அலுவலர்கள் 3 பேரும் உதவி வேளாண் அலுவலர்கள் 5 பேரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒப்பந்தப் பணியாளர்கள் உட்பட 52 பேர் கைதானார்கள். வேலை போனவர்களில் பெரும்பான்மை ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதைக் கவனிக்கலாம். ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் சட்டப்படி அவர்களிடம் இருந்ததே இல்லை. அதிகாரம் இருந்தவர்களுக்குத் துறை விசாரணை. அதிகாரம் இல்லாமல் லாகினை இயக்கியவர்களுக்கு உடனடி வெளியேற்றம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியதாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, வசூல். வங்கிக் கணக்குகளை நிறுத்திவைத்து, இருப்பில் உள்ள பணத்தைத் திரும்ப எடுப்பது ஒரு வழி. இருப்பில்லாதவர்களிடம் வேளாண், வருவாய்த் துறையினர் வீடு தேடிப் போய்க் கேட்பது இன்னொரு வழி. செப்டம்பர் கணக்குப்படியே ₹61 கோடி திரும்பி வந்திருந்தது. அரசுப் பண வசூலில் இது அசாதாரண வேகம். பணம் கடைசியாகப் போய் நின்ற இடம் வங்கிக் கணக்கு என்பதால்தான் இது சாத்தியமானது.

வசூலில் எழுந்த சிக்கல்

கணக்கிலிருந்து எடுப்பது வேகமான வழி, நியாயமான வழி என்று சொல்ல மாட்டோம். தரகர் எடுத்த பங்கு கணக்கில் இல்லை, அது ரொக்கமாகப் போய்விட்டது. உதாரணத்துக்கு ₹4,000 வந்து அதில் ₹1,000 தரகருக்குப் போயிருந்தால், திரும்பக் கட்டும்போது கணக்குக்காரர் முழு ₹4,000ஐயும் கட்ட வேண்டும். ஏமாற்றப்பட்டவரும், தெரிந்தே வாங்கியவரும், கணக்கு எண்ணை விலைக்குக் கொடுத்தவரும் வசூல் பட்டியலில் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

கணக்கை முழுவதுமாக நிறுத்தினால் இன்னொரு கேடும் உண்டு. நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் ஓய்வூதியம், காஸ் மானியம், மகளிர் குழுக் கடன் தவணை எல்லாம் ஒரே பாஸ்புக்கில் ஓடுபவை. ₹2,000க்காகக் கணக்கை முடக்கினால் அந்த வீட்டின் மற்ற வரவுகளும் நின்றுபோகும். தவறான வரவுக்குச் சமமான தொகையை மட்டும் பிடித்து வைக்க வங்கிகளால் முடியும். ஆணை எழுதும்போது ‘கணக்கை நிறுத்துக’ என்று எழுதுவதற்கும் ‘₹2,000 வரை பிடித்து வைக்க’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் அந்த மாதச் சாப்பாடு.

பிறகு நடந்தது

இது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் நாடாளுமன்றத்தில் கொடுத்த விவரத்தில், நாடு முழுவதும் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்களுக்கு ஏறத்தாழ ₹3,000 கோடி போயிருந்தது. அசாம் 8.35 லட்சம் பேரோடு முதலிடம், தமிழ்நாடு 7.22 லட்சம் பேரோடு அடுத்த இடம். 13 மாவட்ட விசாரணையில் வந்ததைவிடத் தமிழ்நாட்டின் எண்ணிக்கை இங்கே கூடியிருப்பதற்கு, வருமான வரி கட்டுபவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்திருப்பது ஒரு காரணம்.

அதன் பிறகு மூன்று பூட்டுகள் வந்தன. பயனாளி தானே ஓ.டி.பி. வழியாகவோ, சேவை மையத்தில் விரல் ரேகை வைத்தோ, 2023 முதல் செல்போனில் முகம் காட்டியோ இ-கே.ஒய்.சி. எனப்படும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பைச் செய்ய வேண்டும். நில விவரத்தை மாநிலத்தின் நில ஆவணத்தோடு இணைக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த கணக்குக்கு மட்டுமே பணம். இவற்றில் இரண்டாவதுதான் 2020இன் ஓட்டையை அடைக்கும் பூட்டு. மற்ற இரண்டும் அப்போதே இருந்திருந்தாலும் பெரிதாக எதையும் தடுத்திருக்காது, ஏனென்றால் ஆளும் கணக்கும் அப்போதே உண்மையானவைதான்.

விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 2022 மே 31ஆம் தேதி 11ஆவது தவணை 10 கோடிப் பேருக்கு மேல், ₹21,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 17ஆம் தேதி 12ஆவது தவணை 8 கோடிப் பேருக்கு மேல், ₹16,000 கோடி. பட்டியலிலிருந்து விழுந்தவர்கள் எல்லோரும் போலிகள் அல்லர். பட்டா தாத்தா பெயரிலேயே இருப்பவர்கள், அண்ணன் தம்பி நால்வர் பெயரில் கூட்டுப் பட்டா வைத்துத் தனித்தனியாக உழுபவர்கள், ஆதாரில் ஒரு முன்னெழுத்தும் பட்டாவில் இன்னொரு முன்னெழுத்தும் உள்ளவர்கள், பாகப் பிரிவினை பதிந்தும் உட்பிரிவுக்கு சர்வேயர் வராமல் காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நின்றது. போலியைப் பிடிக்கப் போட்ட வலையில் சிக்கியவர்களில் ஒரு பகுதியினர் தலைமுறைகளாக அந்த மண்ணில் இருப்பவர்கள்.

எதை மாற்றிச் செய்யலாம்

கடவுச்சொல் விஷயத்தில், பணத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் லாகின் அதிகாரியின் சொந்தக் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் திறக்கக் கூடாது. விவரம் ஏற்றும் லாகினும் ஒப்புதல் லாகினும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஒப்பந்தப் பணியாளர் விவரம் ஏற்றட்டும், திருத்தட்டும், திருப்பி அனுப்பட்டும். ஒப்புதல் பொத்தான் அவர் திரையில் வரவே வேண்டாம். இதற்கு அதிகாரிக்கும் ஒரு வழி செய்து கொடுக்க வேண்டும்: வாரத்தில் ஒரு நாள் மேசையில் உட்கார்ந்து ஒப்புதல் கொடுக்க நேரம் ஒதுக்கித் தராமல் கடவுச்சொல்லைக் கொடுக்காதே என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் அது மறுபடியும் ஒப்பந்தப் பணியாளரின் டைரியில்தான் எழுதப்படும்.

களத்துக்குப் போகாமலேயே அலுவலகத்தில் பார்க்கக்கூடிய குறிகளும் உண்டு. ஒரு வருவாய்க் கிராமத்தில் எத்தனை பட்டாக்கள் என்பது தாலுகா அலுவலகத்துக்குத் தெரியும். பயனாளி எண்ணிக்கை அதை நெருங்கினாலே சந்தேகப்பட வேண்டும். ஒரே கைப்பேசி எண்ணில் பல பதிவுகள், ஒரே சர்வே எண்ணில் தொடர்பில்லாத பெயர்கள், நிலம் ஒரு மாவட்டத்திலும் வங்கிக் கிளை வேறு மாவட்டத்திலும் இருப்பது, அலுவலக நேரத்துக்கு வெளியே ஒப்புதல், சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான ஒப்புதல்கள். இவை ஒவ்வொன்றும் தனியாக மோசடி ஆகாது. சென்னையில் வேலை பார்க்கும் நிலக்காரருக்குச் சென்னைக் கிளையில்தான் கணக்கு இருக்கும். ஆனால் இரண்டு மூன்று குறிகள் ஒரே கிராமத்தில் சேர்ந்து வந்தால் அந்தத் தொகுதியை நிறுத்திவைத்து வி.ஏ.ஓ.விடம் கேட்பது அரை நாள் வேலை.

ஆண்டுதோறும் 5 சதவீதப் பயனாளிகளை நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மாவட்டம் முழுக்கச் சமவாய்ப்பு முறையில் 5 சதவீதம் எடுப்பதைவிடப் புதிதாகச் சேர்ந்தவர்களிலிருந்து கூடுதலாக எடுப்பது பயன் தரும். பழைய பட்டியல் ஒருமுறை வி.ஏ.ஓ. கையைத் தாண்டி வந்தது, 2020இல் ஓட்டை விழுந்தது புதிய பதிவுகளில். பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதும் விதியில் உள்ளதுதான். யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்த ஒரு காகிதத்துக்கு எந்த மென்பொருளையும்விட அதிகக் கண்கள் கிடைக்கும்.

வசூலில், ஆணையைத் தொகைக்கு மட்டும் போடுவது, தரகரின் பெயரைச் சொல்பவருக்குத் தவணையில் கட்ட அவகாசம் தருவது, தரகரிடம் பறிமுதலாகும் பணத்தை அவர் வழியாக ஏமாந்தவர்களின் பாக்கிக்கு ஈடு செய்வது மூன்றையும் முதல் நாளிலேயே எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும்.

உண்மையான விவசாயிக்குப் பணம் நின்றால், எந்தக் கட்டத்தில் நின்றது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ‘நில ஆவணம் இணைக்கப்படவில்லை’ என்று மட்டும் இணையதளம் காட்டினால் அவர் வேளாண் அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார். பெயர் வேறுபாடு என்றால் ஆதார் திருத்தமா, பட்டா திருத்தமா? இறந்தவர் பெயரில் பட்டா என்றால் வாரிசுச் சான்றிதழும் பட்டா மாறுதலும் வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் தன் பங்கைக் காட்டும் பத்திரம் போதுமா, உட்பிரிவு செய்தே ஆக வேண்டுமா? இவற்றுக்குப் போக வேண்டிய அலுவலகமும் ஆகும் காலமும் வேறு வேறு. நிராகரிப்புக் கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்க வட்டார அலுவலகத்துக்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.